எனர்ஜி ஆடிட்டர் தேர்வு: நாலு கைடு புத்தகமும் ஒரு கால்குலேட்டரும், ஆறு மாதப் புழக்கத்தில்

எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இன் கீழ் வரும் எனர்ஜி மேனேஜர், எனர்ஜி ஆடிட்டர் சான்றிதழ் தேர்வுக்கு மூலப்பொருள் பி.இ.இ. (மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு) வெளியிட்ட நாலு கைடு புத்தகங்கள்தான். பி.டி.எஃப். இலவசம். முதல் மூன்று தாள் தேறினால் மேனேஜர், நாலாவதும் தேறினால் ஆடிட்டர். ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம் வாங்க வேண்டும். தேர்வை நடத்தி வந்திருக்கும் தேசிய உற்பத்தித்திறன் கவுன்சிலின் அம்பேத்கர் நிறுவனம் நம்ம அம்பத்தூரில்தான் இருக்கிறது. பொறியியல் பட்டம் பெற்றவருக்கு மூன்று வருட அனுபவம் தேவை. அனுபவச் சான்றிதழில் வெறும் பதவிப் பெயர் போதாது. பாய்லர், கம்ப்ரசர், மின் பராமரிப்பு என்று என்ன வேலை பார்த்தீர்கள் என்பதும் இருக்கட்டும்.

போனில் படிக்கும் யோசனை ஒரு வாரம் தாங்காது. பிரிண்ட் எடுங்கள். ஆனால் காசு மிச்சம் என்று ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கத்துக்குள் இரண்டு பக்கத்தைச் சுருக்கிப் போட்டால் சூத்திரத்தில் இருக்கும் புள்ளி காணாமல் போகும். 0.45 என்பது 045 ஆகத் தெரியும். கணக்கு நடுவில் அது ஏன் உதைக்கிறது என்று அரை மணி நேரம் தேடுவோம். இரண்டாவது, நாலாவது புத்தகங்களை முழு அளவில், தனித்தனி ஸ்பைரல் பைண்டிங்கில் வைத்துக்கொள்வது நல்லது. இந்த இரண்டுதான் தினம் கையில் புரளும்.

இதுவரை வந்த வினாத்தாள்களின் அமைப்பு இப்படி: முதல் மூன்று தாளும் 3 மணி நேரம், 150 மதிப்பெண். அதில் 50 ஒரு மார்க், 8 ஐந்து மார்க், 6 பத்து மார்க். நாலாவது 2 மணி நேரம், 100 மதிப்பெண். அதில் 80 மார்க் வெறும் நாலு கேள்விகளில். எந்தத் தாளாக இருந்தாலும் ஒரு மார்க்குக்கு 72 விநாடிதான் வருகிறது. அந்தந்த வருட அறிவிப்பை வரி விடாமல் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முதல் புத்தகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சட்டம், 2010, 2022 திருத்தங்கள், 2012-இல் தொடங்கிய பாட் திட்டம் (ஆலைகளுக்கு எரிசக்திச் சேமிப்பு இலக்கு வைப்பது), நிகர நடப்பு மதிப்பு, பெர்ட் (திட்ட வேலைகளின் நேரக் கணக்கு), கியூசம் (சேமிப்பை மாதாமாதம் கூட்டிப் பார்க்கும் முறை). பழைய பிரிண்டில் 2022 திருத்தம் இருக்காது. அதைத் தனியாகப் படித்துக்கொள்ளவும். ஒரு டன் எண்ணெய்க்குச் சமம் என்றால் ஒரு கோடி கிலோ கலோரி, ஒரு யூனிட் மின்சாரம் என்றால் 860 கிலோ கலோரி. இந்த இரண்டு எண்ணும் நாலு தாளிலும் திரும்பத் திரும்ப வரும்.

வெப்பக் கருவிகளைப் பற்றிய இரண்டாவது புத்தகம்தான் ஆளைப் பதம் பார்க்கும். பாய்லர் நேர்முறைச் செயல்திறன் (நீராவி எடுத்த வெப்பத்தை எரிபொருள் வெப்பத்தால் வகுப்பது) கேள்வியில் தோற்பது சூத்திரம் தெரியாததால் அல்ல. மணிக்கு 6 டன் நீராவி, என்தால்பி (நீராவியில் உள்ள வெப்பம்) கிலோவுக்கு 660 கிலோ கலோரி, ஃபீடு வாட்டர் (பாய்லருக்குள் போகும் நீர்) 60 டிகிரி, நிலக்கரி மணிக்கு 1.2 டன், ஜி.சி.வி. (எரிபொருளின் மொத்த எரிவெப்பம்) 4,000 என்று வைத்துக்கொள்வோம். 660-இலிருந்து 60-ஐக் கழித்து 600-ஐ ஆறால் பெருக்கினால் 3,600. அதை 4,800-ஆல் வகுத்தால் 75 சதவீதம். ஃபீடு வாட்டரைக் கழிக்க மறந்தால் 82.5 வரும். 82.5-உம் நம்பும்படியான எண் என்பதால் சந்தேகமே வராது, அதுதான் ஆபத்து.

மறைமுக முறையில் (இழப்புகளைக் கூட்டி 100-இலிருந்து கழிப்பது) சிக்கல் வேறு மாதிரி. புகையில் ஆக்சிஜன் 6 சதவீதம் என்றால் உபரிக் காற்று 6-ஐ 15-ஆல் வகுத்து 40 சதவீதம். இந்த 40-ஐ எடுத்து நேராக நிறையாகப் போடுபவர்கள் உண்டு. தேவையான காற்றை முதலில் கண்டுபிடித்து அதை 1.4-ஆல் பெருக்க வேண்டும். எரிபொருளில் ஹைட்ரஜன் 4 சதவீதம், புகை 220 டிகிரி, வெளிக்காற்று 30 டிகிரி என்றால் ஹைட்ரஜன் இழப்பு: 9 பெருக்கல் 0.04 பெருக்கல் (584 + 0.45 × 190), அதை 4,000-ஆல் வகுத்தால் 6 சதவீதத்தை ஒட்டி வரும். கேள்வி என்.சி.வி. (நீராவியின் மறைவெப்பத்தைக் கழித்த எரிவெப்பம்) அடிப்படையில் கேட்டிருந்தால் இந்த இழப்பில் 584 வரும் மறைவெப்பப் பகுதி கணக்கில் வராது. ஜி.சி.வி.யா என்.சி.வி.யா என்பதைக் கேள்வித்தாளில் வட்டம் போட்டுவிட்டுத் தொடங்குவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட வேண்டும். உலர் புகையின் நிறையை எடுக்க இரண்டு வழி உண்டு: எரிந்து வரும் ஒவ்வொரு வாயுவையும் தனியாகக் கூட்டுவது, அல்லது உள்ளே போன காற்றோடு எரிபொருளின் ஒரு கிலோவைச் சேர்ப்பது. விடை கொஞ்சம் மாறும். எதை எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனால் திருத்துபவருக்குக் குழப்பமில்லை.

மின் கருவிகளைப் பற்றிய மூன்றாவது புத்தகம் எலக்ட்ரிக்கல் ஆட்களுக்குச் சுலபம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். பவர் ஃபேக்டர் (இழுக்கும் கே.வி.ஏ.வில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) கணக்கை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள்: 500 கிலோவாட், 0.8-இலிருந்து 0.95-க்கு உயர்த்த சுமார் 211 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர், டிமாண்ட் (ஆலை இழுக்கும் உச்ச சுமை) 625-இலிருந்து 526 கே.வி.ஏ.வுக்கு இறங்கும். எச்.டி. (உயரழுத்த இணைப்பு) பில்லில் டிமாண்ட் கட்டணம் கே.வி.ஏ.வில்தான் என்பதால் இது நம்மூர் ஆலைகளில் அன்றாடக் கணக்கு. ஆனால் இந்தப் புத்தகத்தில் சுமார் பாதி பம்ப், ஃபேன், கம்ப்ரசர், சில்லர், கூலிங் டவர். மெக்கானிக்கல் ஆட்கள் இங்கே முந்திவிடுவார்கள்.

ஃபேன் கணக்கில் மணிக்கு 36,000 கன மீட்டர் என்று கொடுத்திருந்தால் அது விநாடிக்கு 10. அழுத்தம் 204 மி.மீ. நீர் மட்டம் என்றால் 2,040-ஐ 102-ஆல் வகுத்து 20 கிலோவாட். ஃபேன் செயல்திறன் 0.65 என்றால் ஷாஃப்டில் 30.8, மோட்டார் 0.9 என்றால் மின் உள்ளீடு 34.2. கேள்வி எந்த இடத்தைக் கேட்கிறது என்று பார்க்காமல் 30.8-இல் நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. பம்பில் உறிஞ்சும் தொட்டி கீழே இருந்தால் அந்த உயரத்தைக் கூட்ட வேண்டும். பழக்க தோஷத்தில் கழித்துவிடுகிறோம். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சக்தி 51 சதவீதத்துக்கு இறங்கும் என்பது உராய்வு மட்டுமே உள்ள குழாயில்தான் பொருந்தும். அடுக்குமாடி மேல்தொட்டிக்கு ஏற்றும் பம்பில் அந்தக் கணக்கு பலிக்காது.

கூலிங் டவரை அப்ரோச் (வெளிவரும் நீருக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம்), ரேஞ்ச் (உள்ளே போகும் நீருக்கும் வெளிவரும் நீருக்கும் உள்ள வித்தியாசம்) இரண்டையும் குழப்பாமல் படிக்க சென்னையே நல்ல பாடம். கடல் காற்று இறங்கிய நாளில் ஈரக்குமிழ் வெப்பநிலை 28 டிகிரி என்றால், அப்ரோச் 4 உள்ள டவரிலிருந்து 32-க்குக் கீழே தண்ணீர் கிடைக்காது, ஃபேனை எவ்வளவு சுற்றினாலும். மணிக்கு 1,000 கன மீட்டர் சுழற்சி, ரேஞ்ச் 5 என்றால் ஆவியாதல் 0.00085 × 1.8 × 1,000 × 5, அதாவது 7.65 கன மீட்டர். சி.ஓ.சி. (சுழலும் நீரில் உப்பு எத்தனை மடங்கு செறிகிறது என்ற எண்) 3 என்றால் புளோடவுன் (உப்பைக் குறைக்க வெளியேற்றும் நீர்) அதில் பாதி. வகுக்க வேண்டியது 3-ஆல் அல்ல, ஒன்று குறைத்து 2-ஆல். போர்வெல், லாரித் தண்ணீரை ஓட்டுபவர்களுக்கு சி.ஓ.சி. ஏன் ஏற மறுக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நாலாவது தாள் புத்தகம் பார்த்து எழுதலாம் என்பதால்தான் நிறையப் பேர் அதில் விழுகிறார்கள். 20 மார்க் கேள்விக்கு 24 நிமிடம். பக்கம் தேடவே ஆறு நிமிடம் போனால் மிச்சத்தில் வெப்பச் சமன்பாடு முடியாது. ஒட்டும் தாள் ஐம்பது ஒட்டிய புத்தகமும் உதவாது; எது எங்கே என்று அதிலும் தேட வேண்டியிருக்கிறது. எட்டு, பத்து ஒட்டினால் போதும்: பாய்லர் இழப்புகள், ஃபர்னஸ், கோஜெனரேஷன் (மின்சாரமும் நீராவியும் சேர்த்துத் தயாரிப்பது), ஹீட் எக்ஸ்சேஞ்சர், சில்லர், கம்ப்ரசர் கசிவு, பிறகு துறை வாரியான பகுதி. கடைசிப் பெரிய கேள்வியில் அனல்மின், சிமெண்ட், இரும்பு, ஜவுளி போன்றவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றை மட்டும் ஆழமாகப் படித்து, இன்னொன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அனல்மின் எல்லோருக்கும் கைகொடுக்கும். ஹீட் ரேட் (ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் செலவாகும் கிலோ கலோரி) 2,400 என்றால் 860-ஐ அதால் வகுத்து 35.8 சதவீதம் என்று அங்கிருந்தே கதை தொடங்குகிறது.

கால்குலேட்டர் விஷயத்தில் கேசியோ எஃப்எக்ஸ்-991 இ.எஸ். பிளஸ் இன்னமும் போதும். டேபிள் வசதியில் ஐ.ஆர்.ஆர். (முதலீட்டின் உள் வருவாய் விகிதம்) கணக்கின் வட்டி விகிதங்களை ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம். கையால் நாலு தடவை போட வேண்டியதில்லை. பவர் ஃபேக்டர் கணக்கில் டான் (tan) போடும் முன் டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள், ரேடியனில் கிடந்தால் கெப்பாசிட்டர் அளவு கோணலாக வரும். புதிய சி.டபிள்யூ. மாடலில் பட்டன்கள் இடம் மாறியிருக்கின்றன. அதை வாங்குவதானால் ஆரம்பத்திலேயே வாங்கிக் கை பழக்குங்கள், கடைசி மாதத்தில் மாற்றுவது வேண்டாத வேலை.

பழைய வினாத்தாள்களை விடையோடு படிப்பது படிப்பே இல்லை. விடையை மூடி, கடிகாரம் வைத்து, பேனாவால் எழுதிப் பார்க்க வேண்டும். வீட்டில் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கும் பகுதி இருக்கிறது. முதல் பத்துத் தாளில் கணக்குத் தவறுகளைத் தனி நோட்டில் குறித்தால், அதில் முக்கால்வாசி அலகு மாற்றமாகவே இருக்கும்: மணியா விநாடியா, டன்னா கிலோவா, கிலோ கலோரியா கிலோ ஜூலா. அந்த நோட்டைத் தேர்வுக்கு முந்தின நாள் புரட்டினால் போதும், கைடு புத்தகத்தைத் தொட வேண்டாம்.

தேர்வு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு தாள். காலைத் தாளுக்கும் மதியத் தாளுக்கும் நடுவில் வெளியே போய்ச் சாப்பிட்டு வர நேரம் குறைவு. தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். பேனா மூன்று, ஸ்கேல் ஒன்று, நுழைவுச்சீட்டு, அடையாள அட்டை. நாலாம் தாளுக்கு என்னென்ன எடுத்துப் போகலாம் என்பதை நுழைவுச்சீட்டிலுள்ள விதியைப் பார்த்து, முந்தின இரவே பையில் வைத்துவிடுங்கள்.