பேட்டரி வயதைத் திருப்பி வைத்து விற்கிறார்கள்: பழைய ஏ1000 வாங்குபவர்கள் கவனிக்க

பழைய சன் ஸ்டோர்எட்ஜ் ஏ1000 பெட்டி (பல டிஸ்க்குகளை ஒன்றாக வைத்து சர்வரோடு இணைக்கும் சேமிப்புப் பெட்டி) மலிவாகக் கிடைக்கிறது, "புது பேட்டரி போட்டிருக்கு" என்று வேறு சொல்கிறார்கள் என்றால், காசை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 42,000 ரூபாய் கொடுத்து வாங்கி 47-ஆவது நாள் மாட்டிக்கொண்டவன்.

எங்கள் மில்லில் சம்பளக் கணக்கு இன்னும் ஒரு சன் என்டர்பிரைஸ் 250 சர்வரில்தான் ஓடுகிறது. சோலாரிஸ் 8 ஆபரேட்டிங் சிஸ்டம், அதன்மேல் ஒரு பழைய ஆரக்கிள் டேட்டாபேஸ். புதியதற்கு மாற்றும் வேலை இரண்டு வருடமாக "அடுத்த குவார்ட்டர்" என்ற நிலையிலேயே நிற்கிறது. உள்ளே இருந்த டிஸ்க்குகள் நிறைந்துவிட்டதால், பழைய சர்வர் வாங்கி விற்கும் ஒருவரிடம் போனேன். 12 டிஸ்க், தலா 18 ஜிபி, "மொத்தம் 216 ஜிபிங்க சார்" என்றார். ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி பிரித்து எழுதும் முறை) போட்டு ஒரு டிஸ்க்கை ஸ்பேராக ஒதுக்கினால் கைக்கு வருவது சுமார் 170 ஜிபிதான். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, விற்பவர்கள் எல்லோருக்கும் அதுதான் கணக்கு.

பொருத்த வந்த தம்பி செய்த முதல் காரியம், பெட்டியின் கேபிளை சர்வரின் பின்னால் இருக்கும் 68 பின் ஸ்கஸி போர்ட்டில் (டிஸ்க் பெட்டிகளை இணைக்கும் போர்ட்) சொருகப் போனது. கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஏங்க சார், ப்ளக் உட்காருதே?" என்றான். உட்காரும், அதுதான் வினையே. அந்த போர்ட் சிங்கிள் எண்டட் வகை, ஒரு சிக்னலுக்கு ஒரே கம்பி. ஏ1000 பெட்டியோ ஹை வோல்டேஜ் டிஃபரன்ஷியல், ஒரு சிக்னலுக்கு இரண்டு கம்பி. ஒன்றில் வெறும் கிரவுண்டாக இருக்கும் பின்கள் மற்றொன்றில் சிக்னல் ஓடும் பின்கள். தெரியாமல் சொருகி ஆன் செய்தால் போர்ட் போகலாம், பெட்டியும் போகலாம். இதற்கென்று டிஃபரன்ஷியல் அல்ட்ரா ஸ்கஸி கார்டு வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தேன். பில்லில் "ஸ்கஸி கார்டு 1" என்று மட்டும் இருந்தது. இரண்டு நாள் கழித்து வந்த கார்டு எல்விடி வகை, அதாவது லோ வோல்டேஜ் டிஃபரன்ஷியல், இதற்கு ஆகாது. திருப்பி அனுப்பினேன். சரியான கார்டு வந்தபோது, கடைசி முனையில் மாட்டும் டெர்மினேட்டர் வரவில்லை. பையில் கிடந்த ஒரு சிங்கிள் எண்டட் டெர்மினேட்டரை எடுத்து நீட்டினான். அதுவும் டிஃபரன்ஷியலாகத்தான் இருக்க வேண்டும் என்று அவனுக்கு நான் பாடம் எடுத்தேன். பொருத்துவதற்கான கூலியும் அந்த 42,000-க்குள் அடக்கம் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சரி, ஒரு வழியாக மாட்டியாயிற்று. சோலாரிஸ் ஏறும் முன் வரும் ஓகே ப்ராம்ப்டில் ஆட்டோ பூட்டை நிறுத்தி, ரீசெட் செய்து, ஸ்கஸியில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று காட்டும் ப்ரோப்-ஸ்கஸி-ஆல் கொடுத்தேன். அந்த கார்டில் ஏ1000 என்று ஒரே ஒரு பெயர் வந்தது. அப்படித்தான் வர வேண்டும், ஏனென்றால் டிஸ்க்குகளை உள்ளே இருக்கும் ரெய்டு கன்ட்ரோலர் மறைத்துக்கொள்ளும். 12 டிஸ்க்கும் வரிசையாகத் தெரிந்தால் உங்கள் தலையில் கட்டியது டி1000. அச்சு அசல் அதே பெட்டிதான், ஆனால் ரெய்டு கன்ட்ரோலர் கிடையாது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ஏ1000-க்குப் பின்னால் இரண்டு ஸ்கஸி சாக்கெட், டி1000-க்கு நான்கு.

அப்புறம் புது சாதனத்தைச் சேர்த்துக்கொள்ளும் பூட் மைனஸ் ஆர், பெட்டியை நிர்வகிக்கும் ரெய்டு மேனேஜர் 6.22.1 சாஃப்ட்வேர், எல்லாம் ஒழுங்காக நடந்தது. டிஸ்க்கில் எழுதும் முன் டேட்டாவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரிக்கு (ரைட் கேஷ்) கரண்ட் போனாலும் உயிர் கொடுப்பது கன்ட்ரோலரில் இருக்கும் பேட்டரிதான். அது சொன்னபடி புதுசுதானா என்று பார்க்க, ரெய்டு மேனேஜரின் ரெய்ட்யூட்டில் கமாண்டில் மைனஸ் பெரிய பி போட்டேன். பேட்டரியின் வயது 0 நாளுக்கும் 90 நாளுக்கும் இடையில் என்று வந்தது. பரவாயில்லை, இந்த ஒரு விஷயத்திலாவது நேர்மையாக இருந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த வரியை பிரிண்ட் எடுத்து மேனேஜரிடம் வேறு காட்டினேன்.

47-ஆவது நாள் ராத்திரி கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டது. காலையில் சர்வர் எழுந்து எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் கமாண்ட்) கேட்டு நின்றது. ஆரக்கிளில் இரண்டு டேட்டா ஃபைல் கெட்டிருந்தன. முந்தின இரவு எடுத்த பேக்கப் டேப் இருந்ததால் தப்பித்தோம். ஆனாலும் அன்றைக்குப் பதிந்த ஓவர்டைம் முழுவதையும் இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள்.

சந்தேகம் வந்து கன்ட்ரோலரை வெளியே இழுத்துப் பார்த்தேன். பேட்டரியின் ஒரு பக்கம் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. மேலே ஒட்டியிருந்த லேபிளில் பேனாவால் எழுதிய தேதி, 2003. அதைச் சுற்றியிருந்த தூசி கலையவே இல்லை. யாரும் அதைத் தொட்டதற்கான அடையாளமே கிடையாது.

நடந்தது இதுதான். அதே ரெய்ட்யூட்டிலில் மைனஸ் பெரிய ஆர் என்று ஓர் ஆப்ஷன் உண்டு. பேட்டரி மாற்றியபின் வயதைப் பூஜ்யமாக்க அதை நாமேதான் கொடுக்க வேண்டும், பேட்டரி மாறியதா இல்லையா என்று கன்ட்ரோலருக்குத் தானாகத் தெரியாது. இவர்கள் பேட்டரியை மாற்றாமல் அந்தக் கமாண்டை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். பழைய கார் மீட்டரைத் திருப்பி வைப்பதைவிட இது மோசம். பேட்டரிக்கு இரண்டு வருடம்தான் ஆயுள். அது முடிந்தால் கன்ட்ரோலர் ரைட் கேஷை நிறுத்திவிடும், பெட்டி மெதுவாக ஓடும், ஆனால் டேட்டா பத்திரம். வயதைப் பொய்யாக்கியதால் கன்ட்ரோலரும் ஏமாந்து கேஷைத் திறந்தே வைத்திருந்தது. கரண்ட் போன நொடியில் அதில் இருந்ததெல்லாம் காற்றோடு போயிற்று. ஒன்றுமே செய்யாமல் அப்படியே விற்றிருந்தால்கூட எனக்கு நஷ்டம் வந்திருக்காது.

போன் செய்தேன். "பழைய சாமான் சார், டெஸ்டிங் வாரண்டி முப்பது நாள்தானே" என்றார். 2003 லேபிளைப் படம் எடுத்து அனுப்பினேன். "கோடவுன்ல யாரோ பசங்க செஞ்சிருப்பாங்க" என்று பதில் வந்தது. அதன்பின் போனை எடுக்கவில்லை. பில்லில் பேட்டரி பற்றி ஒரு வார்த்தையும் இல்லாததால் என்னால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆகவே திரையில் வரும் அந்த வயதை நம்பாதீர்கள். கடையிலேயே கன்ட்ரோலரை இழுக்கச் சொல்லி லேபிளையும் பேட்டரியின் பக்கங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். "புது பேட்டரி" என்பதைத் தேதியோடு பில்லில் எழுத வையுங்கள். கார்டு, கேபிள், டெர்மினேட்டர் மூன்றுக்கும் "ஹை வோல்டேஜ் டிஃபரன்ஷியல்" என்ற வார்த்தைகள் தனித்தனியாக இருக்கட்டும். எழுத மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள்.

வேறு பேட்டரி கிடைக்கும்வரை ரைட் கேஷை நிறுத்தி வைத்திருக்கிறேன். இருபது நிமிடத்தில் முடிந்த சம்பளப் பட்டியல் இப்போது ஒன்றே கால் மணி நேரம் ஓடுகிறது. அக்கவுண்ட்ஸ் அக்கா ஓட விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்.