ஆசியாவின் சிறந்த டெஸ்ட் கீப்பர் யார்? கிளவுஸ் வேலையை மட்டும் வைத்து ஓர் அலசல்

சையத் கிர்மானி 88 டெஸ்ட், 38 ஸ்டம்பிங் (கோட்டைவிட்டு வெளியே வந்த பேட்ஸ்மேனை கீப்பர் ஸ்டம்பைத் தட்டி அவுட்டாக்குவது). தோனி 90 டெஸ்ட், அவருக்கும் 38 ஸ்டம்பிங். கேட்ச் கணக்கைப் பார்த்தால் கிர்மானிக்கு 160, தோனிக்கு 256. இந்த 96 கேட்ச் வித்தியாசத்தை வைத்து தோனிதான் பெரிய கீப்பர் என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கபில்தேவ் 1978-இல் வரும்வரை கிர்மானிக்கு, ஸ்டம்பிலிருந்து தள்ளி நின்று எட்ஜ் (பேட் விளிம்பில் உரசிவரும் பந்து) பிடிக்கும் வேலையே அதிகம் கிடையாது. புதுப் பந்தின் பளபளப்பு போனால் போதும் என்று காத்திருந்த அணி அது. சுழற்பந்து வீசிய பேடி, பிரசன்னா பந்துகளில் பேட்டிலும் பேடிலும் பட்டு எழுந்ததெல்லாம் பக்கத்தில் நிற்கும் ஷார்ட் லெக் ஃபீல்டருக்குப் போனது. தோனி காலத்தில் ஜாகீர், இஷாந்த் என்று எட்ஜ் வாங்கித் தர ஆள் இருந்தார்கள்.

ஆக, விக்கெட் எண்ணிக்கை (கேட்சும் ஸ்டம்பிங்கும் சேர்த்து) கீப்பரைப் பற்றிச் சொல்வதைவிட அவருக்கு யார் பந்து வீசினார்கள் என்பதைத்தான் அதிகம் சொல்லும். இருந்தாலும் கணக்கு கண் முன்னால் இருக்கட்டும்.

| கீப்பர் | டெஸ்ட் | கேட்ச் | ஸ்டம்பிங் |
|---|---|---|---|
| வாசிம் பாரி (பாகிஸ்தான்) | 81 | 201 | 27 |
| சையத் கிர்மானி (இந்தியா) | 88 | 160 | 38 |
| கிரண் மோரே (இந்தியா) | 49 | 110 | 20 |
| ரஷீத் லத்தீஃப் (பாகிஸ்தான்) | 37 | 119 | 11 |
| பிரசன்ன ஜயவர்தன (இலங்கை) | 58 | 124 | 32 |
| தோனி (இந்தியா) | 90 | 256 | 38 |
| விருத்திமான் சாஹா (இந்தியா) | 40 | 92 | 12 |

ஒரு டெஸ்டுக்கு எத்தனை விக்கெட் என்று வகுத்தால் லத்தீஃப் 3.5 என்று முதலில் நிற்பார், கிர்மானி 2.25 என்று கடைசியில். மொத்தத்தில் ஸ்டம்பிங்கின் பங்கு எவ்வளவு என்று பார்த்தால் பட்டியல் தலைகீழாகிறது: ஜயவர்தன 20.5 சதவீதம், கிர்மானி 19, லத்தீஃப் 8.5. வேகப்பந்து வீசிய வாசிம் அக்ரமுக்கும் வக்கார் யூனிஸுக்கும் கீப் செய்தவருக்கும், சுழற்பந்து வீசிய முரளிக்கும் ஹேரத்துக்கும் கீப் செய்தவருக்கும் வேலையே வேறு. அதனால்தான் பேட்டிங், கேப்டன்சி, ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து பேசும் பேச்சு, ரிவியூ கேட்கும் சாமர்த்தியம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, கையும் காலும் என்ன செய்தன என்று மட்டும் பார்க்க வேண்டியிருக்கிறது.

உண்மையான பரீட்சை: லெக் சைடு

வேகப்பந்துக்குப் பறந்து பிடிக்கும் கேட்ச் டிவியில் அழகாக இருக்கும். கீப்பரின் தரம் தெரிவது சுழற்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்கும்போது, அதுவும் லெக் சைடில் (பேட்ஸ்மேனின் கால்களுக்குப் பின்பக்கம்). ஆஃப் ஸ்பின்னர் வலக்கை பேட்ஸ்மேனுக்கு வீசுகிறார், பேட்ஸ்மேன் இறங்கி வருகிறார், பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே போகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் பேட்ஸ்மேனின் உடம்பே பந்தை மறைக்கிறது. பிட்ச் ஆகி கிளவுஸுக்கு வர அரை நொடிகூட ஆகாது. அதில் பாதி நேரம் கீப்பருக்குப் பந்து கண்ணில் படாது.

சரியாகச் செய்பவர் என்ன செய்கிறார்? பந்து பிட்ச் ஆகும்வரை குந்திய நிலையிலிருந்து எழ மாட்டார். பிட்ச் ஆன பிறகு பந்து எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவுதான் அவரும் எழுவார். இடது கால் பக்கவாட்டில் போகும், பின்னால் போகாது. வலது கால் ஸ்டம்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். விரல்கள் தரையைப் பார்த்தபடி இருக்கும். பந்து கிளவுஸில் விழும்போதே உடம்பின் எடை வலது காலுக்குத் திரும்பத் தொடங்கிவிடும். அதனால் பைல்ஸை (ஸ்டம்பின் மேலுள்ள கட்டைகளை) தட்டுவது தனி வேலையாக இருக்காது, பந்தைப் பிடித்த அசைவின் தொடர்ச்சியாகவே முடிந்துவிடும்.

தப்பு நடக்கும் இடங்களும் இவையேதான். சீக்கிரம் எழுந்துவிட்டால் தாழ்ந்து வரும் பந்து கிளவுஸுக்கு அடியில் போய்விடும், நான்கு பை ரன் (பேட்டிலோ உடம்பிலோ படாமல் போன பந்தில் கிடைக்கும் ரன்). இடது காலைப் பின்னால் வைத்தால் ஸ்டம்புக்கும் கைக்கும் தூரம் கூடும், பேட்ஸ்மேன் காலை உள்ளே வைத்துவிடுவார். விரல் பந்தை நோக்கி நீட்டியிருந்தால் கேட்ச் நழுவும், சில நேரம் விரலும் உடையும். அவசரப்பட்டுக் கையை முன்னால் நீட்டி, பேட்டில் படாத பந்தை ஸ்டம்பைத் தாண்டும் முன்பே பிடித்துவிட்டால் ஸ்டம்பிங்கும் கிடையாது, நோ பாலும் சேர்ந்துவரும்.

2010 ஜனவரியில் சிட்னியில் பாகிஸ்தான் கீப்பர் கம்ரான் அக்மல், கனேரியா பந்தில் ஆஸ்திரேலியாவின் மைக் ஹஸ்ஸி கொடுத்த கேட்சை மூன்று முறை விட்டார். ஹஸ்ஸி 134 நாட் அவுட், பாகிஸ்தான் கையிலிருந்த டெஸ்ட் போயிற்று. அக்மலின் எண்கள் மோசமில்லை: 53 டெஸ்ட், 206 விக்கெட். எண்களை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

பிரசன்ன ஜயவர்தன

இந்தப் பரீட்சையில் எனக்கு முதலிடம் இவருக்குத்தான். 2000-இல் முதல் டெஸ்ட் ஆடினாலும், சங்கக்கார 2006-இல் டெஸ்ட் கிளவுஸைக் கழற்றிய பிறகுதான் இடம் நிலைத்தது. (சங்கக்காரவுக்கும் அது நல்லதாகவே முடிந்தது. கீப்பராக ஆடிய 48 டெஸ்டில் அவர் சராசரி 40 சொச்சம், மற்றவற்றில் 66-க்கு மேல்.)

அவருக்குப் பந்து வீசியவர்களைப் பாருங்கள். முரளியின் மணிக்கட்டிலிருந்து ஒரே மாதிரி அசைவில் ஆஃப் ஸ்பின்னும் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும் தூஸ்ராவும் வரும். ஹேரத் இடக்கை, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வீசுபவர். நடுவில் அஜந்த மெண்டிஸ். 2008-இல் இந்தியாவுக்கு எதிரான மூன்று டெஸ்டில் மெண்டிஸ் 26 விக்கெட் எடுத்தபோது, டிராவிட், லக்ஷ்மண் மாதிரி ஆட்களுக்கே அவர் விரலால் சுண்டிவிடும் கேரம் பந்து எந்தப் பக்கம் போகும் என்று தெரியவில்லை. பேட்ஸ்மேனுக்காவது பேடு இருக்கிறது, புரியாவிட்டால் காலை நீட்டித் தப்பிக்கலாம். கீப்பருக்கு அந்த வசதி கிடையாது. ஜயவர்தன பந்து கையிலிருந்து விடுபடும்போதே படித்தார், அதனால் கால் சரியான பக்கம் போனது. அவர் பாய்ந்து விழுவது குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

குறை என்று சொன்னால், அவர் வேலையில் பெரும்பகுதி இலங்கையின் தாழ்ந்த, மெதுவான ஆடுகளங்களில் நடந்தது. இங்கிலாந்தின் ஆடும் பந்துக்கு மாதக்கணக்கில் தள்ளி நின்ற அனுபவம் பாரிக்கு இருந்த அளவு இவருக்கு இல்லை.

கிர்மானி

சந்திரசேகருக்குக் கீப் செய்வது என்றால் என்ன என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். மிதவேகத்துக்குப் பக்கத்தில் வரும் லெக் ஸ்பின், அதில் எதிர்ப்பக்கம் திரும்பும் கூக்ளி அடிக்கடி. எது எங்கே திரும்பும் என்று தனக்கே உறுதியில்லை என்று சொல்லக்கூடியவர் வீசிய பந்துகள். அதற்கு ஸ்டம்பை ஒட்டி நின்றவர் கிர்மானி. இரண்டாவது டெஸ்டிலேயே, 1976-இல் கிறைஸ்ட்சர்ச்சில், ஒரே இன்னிங்ஸில் ஐந்து கேட்ச், ஒரு ஸ்டம்பிங்: அன்றைய உலக சாதனைக்குச் சமம். 1981-82-இல் இங்கிலாந்து இங்கே வந்தபோது, தொடர்ந்து மூன்று டெஸ்டில் அவர்கள் 1,964 ரன் எடுத்தார்கள், ஒரு பை ரன்கூட இல்லை. பை ரன்னில் ஆடுகளத்துக்கும் பந்துவீச்சாளருக்கும் பங்கு உண்டுதான். ஆனாலும் அத்தனை நாள் ஒரு பந்துகூட நழுவாமல் இருக்கக் கவனம் சிதறாத மனம் வேண்டும்.

அவரைக் கீழே இறக்குவது இடையில் வந்த சரிவு. 1979 இங்கிலாந்து சுற்றுப்பயணத்துக்கு அவரை எடுக்கவில்லை, நம்மூர் பரத் ரெட்டிதான் நான்கு டெஸ்டிலும் கீப் செய்தார். திரும்பி வந்த கிர்மானி முன்பைவிட நிதானமான கீப்பர் என்பது என் கணிப்பு.

வாசிம் பாரி

தள்ளி நின்று பிடிப்பதில் பாரிக்கு மேல் யாரையும் வைக்க மாட்டேன். 1971-இல் ஹெடிங்லியில் எட்டு கேட்ச். 1979-இல் ஆக்லாந்தில் ஒரே இன்னிங்ஸில் ஏழு கேட்ச். அதைச் சிலர் பிறகு எட்டிப் பிடித்தார்கள், தாண்டியவர் இல்லை. இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும் பந்து பேட்டைத் தாண்டிய பிறகும் காற்றில் ஆடும். கிளவுஸை முன்கூட்டியே ஒரு இடத்தில் வைத்துக் காத்திருப்பவர் அங்கே மாட்டிக்கொள்வார். கடைசி கணம்வரை கையைத் தளர்வாக வைத்து, தலையைப் பந்தின் கோட்டில் கொண்டுபோய், உடம்புக்கு உள்ளேயே பிடிக்க வேண்டும். பாரி பாய்வதைவிட நகர்வது அதிகம். இம்ரான், சர்ஃப்ராஸ் நவாஸுக்கு இப்படி நின்றவர், இந்திகாப் ஆலம், அப்துல் காதிர் வந்தால் ஸ்டம்பை ஒட்டி நிற்க வேண்டும். 27 ஸ்டம்பிங் அந்த அணியில் சின்ன எண்ணில்லை.

லத்தீஃபும் சாஹாவும்

இருவரையும் அருகருகே வைப்பதற்குக் காரணம் உண்டு: இருவருக்குமே பேட்டிங் பலமான போட்டியாளரால் டெஸ்டுகள் குறைந்தன. லத்தீஃபுக்கு மொயின் கான் (69 டெஸ்ட், 148 விக்கெட்), சாஹாவுக்கு முதலில் தோனி, பிறகு ரிஷப் பண்ட். கிளவுஸ் மட்டும் கணக்கு என்றால் லத்தீஃபுக்குப் பக்கத்தில் மொயின் வர மாட்டார். ரிவர்ஸ் ஸ்விங் ஆகும் பழைய பந்து தாமதமாக, தாழ்வாக உள்ளே வரும். அதை எட்ஜோடு பிடிக்கக் கை தரைக்குப் பக்கத்தில் கடைசிவரை இருக்க வேண்டும். லத்தீஃபின் பலம் அதுதான். 2003-இல் முல்தானில் தரையில் விட்ட பந்தைப் பிடித்ததாகச் சொல்லி வங்கதேசத்தின் அலோக் கபாலி விக்கெட்டைக் கேட்டு, ஐந்து ஒருநாள் போட்டித் தடை வாங்கியதும் அவர்தான். கைத்திறன் கணக்கில் அதற்கு மார்க் குறைக்கவில்லை. ஆனால் அது கேட்ச் இல்லை.

சாஹாவின் தனிச்சிறப்பு எதிர்பாராத கோணம். 2017 புனே டெஸ்டில் உமேஷ் பந்தில் ஓகீஃபுக்கு வலப்பக்கம் பாய்ந்து ஒற்றைக்கையில் பிடித்தது, 2019-இல் அதே புனேயில் டி புருய்னுக்கு லெக் சைடில் பிடித்தது: இரண்டிலும் பாய்ச்சலைவிடப் பாய்வதற்கு முன் வைத்த அடிதான் முக்கியம். நின்ற இடத்திலிருந்து பாய்பவர் அவ்வளவு தூரம் எட்டவே முடியாது. 2018-இல் கேப்டவுனில் ஒரே டெஸ்டில் பத்து கேட்ச், இந்தியருக்கு அதுவே முதல்முறை. அஷ்வின், ஜடேஜாவுக்கு நான்காம் நாள், ஐந்தாம் நாள் ஆடுகளத்தில் அவர் நின்ற விதத்துக்காகவே லத்தீஃபை விட அரை அடி மேலே வைக்கிறேன்.

தோனி எங்கே?

இங்கேதான் சண்டை வரும். பந்தை வாங்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்து அதிர்ச்சியைக் குறை என்பதுதான் எல்லாப் பயிற்சியாளரும் சொல்லும் பாடம். தோனி அதைச் செய்யவில்லை. கை ஸ்டம்பை நோக்கிப் போகும் வழியிலேயே பந்தை வாங்கியது. இழுத்துத் திரும்பும் நேரம் மிச்சமானதால் பைல்ஸ் மற்றவர்களைவிட முன்னே விழுந்தது. இதை அப்படியே பார்த்துச் செய்யும் பையன்களுக்குப் பந்து தெறித்துப் போகும். மணிக்கட்டு அவ்வளவு மென்மையாக இருந்தால்தான் அது கையில் நிற்கும். ஸ்டம்பிங் வேகம் மட்டுமே போட்டி என்றால் அவர்தான் முதல்.

டெஸ்டில் தள்ளி நிற்கும்போது கதை வேறு. கீப்பருக்கும் முதல் ஸ்லிப்புக்கும் நடுவில் போன எட்ஜுகளில் கீப்பருடையதாக இருக்க வேண்டியவற்றுக்கு அவர் போகாமல் நின்றது பலமுறை. கால் நகர்வு அவர் கையளவுக்கு இல்லை. பாரி, சாஹா வரிசையில் அவரை வைக்க முடியாததற்கு அது ஒன்றுதான் காரணம்.

மோரே, மற்றவர்கள்

மோரேவுக்கு ஒரே டெஸ்டில் ஆறு ஸ்டம்பிங் என்ற உலக சாதனை உண்டு: 1988 ஜனவரி, சேப்பாக்கம், ஹிர்வானி முதல் டெஸ்டிலேயே 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்த ஆட்டம். வெஸ்ட் இண்டீஸ் ஆட்கள் இறங்கி இறங்கி வந்து வாய்ப்புக் கொடுத்தார்கள் என்பது உண்மை. அந்தப் புழுதி ஆடுகளத்தில் வந்த வாய்ப்புகளை முடித்ததும் உண்மை. அதற்கு முன் அங்கேயே, 1952-இல், மன்கட் பந்துவீச்சில் இந்தியா முதல் டெஸ்ட் வெற்றி பெற்றபோது புரோபிர் சென் ஐந்து ஸ்டம்பிங் செய்திருந்தார். மோரேவின் மறுபக்கம் 1990 லார்ட்ஸ்: இங்கிலாந்தின் கூச் 36-இல் கொடுத்த எளிய கேட்சை விட்டார், கூச் 333 எடுத்தார். ஒரு தவறை வைத்து ஆளை எடைபோடக் கூடாது. ஆனாலும் மோரேவின் கை ஸ்டம்பை ஒட்டி நின்றபோது இருந்த அளவு தள்ளி நின்றபோது நம்பகமாக இல்லை.

நரேன் தம்ஹானேயின் 21 டெஸ்டில் 35 கேட்ச், 16 ஸ்டம்பிங் என்ற விகிதம் ஆசையைக் கிளப்புகிறது. அமல் சில்வா 1985-இல் இந்தியாவுக்கு எதிராக மூன்று டெஸ்டில் 22 பேரை அவுட்டாக்கினார், மொத்தம் ஆடியதே ஒன்பது டெஸ்ட். வங்கதேசத்தின் காலித் மசூத் 44 டெஸ்டில் 87 விக்கெட் எடுத்தவர், கை சுத்தமானவர், எட்ஜ் வாங்கித் தரும் பந்துவீச்சுதான் அவருக்குக் கிடைக்கவில்லை.

என் வரிசை: ஜயவர்தன, பாரி, கிர்மானி, சாஹா, லத்தீஃப், தோனி, மோரே. ஆட்டம் இங்கிலாந்தின் ஹெடிங்லியில், மேகமூட்டத்தோடு என்றால் பாரியை முதலில் வைப்பேன். இலங்கையின் காலேயில் நான்காம் நாள் என்றால் ஜயவர்தன. ஆசிய அணிகளின் டெஸ்டில் பெரும்பகுதி இரண்டாவது மாதிரிதான் நடக்கிறது என்பதால் அவர் பெயர் மேலே நிற்கிறது.