லித்தியம்-கந்தக பேட்டரி: கரியில் அடைப்பதா, பாலிமரில் பிணைப்பதா?

ஒரு கிராம் கந்தகம் கணக்குப்படி 1675 மில்லிஆம்பியர்-மணி தரவேண்டும். ஆனால் டிஸ்சார்ஜின் நடுவில் உருவாகும் நீண்ட பாலிசல்ஃபைடுகள் (லித்தியத்தோடு சேர்ந்த கந்தகச் சங்கிலிகள்) ஈதர் மின்பகுளியில், அதாவது அயனிகளைக் கடத்தும் திரவத்தில், கரைந்து, தறியில் ஓடும் நாடாவைப் போலக் கந்தகப் பக்கத்துக்கும் லித்தியப் பக்கத்துக்கும் இடையே போய்வருகின்றன. சார்ஜ் ஏறி முடிவதில்லை, லித்தியமும் அரிபடுகிறது.

இதற்கு ஒரு மருந்து, நுண்துளைக் கரி. 2009-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நாசர் குழு காட்டிய வழி இது. கந்தகமும் கரியும் 7:3 எடையில் அரைத்து, மூடிய கலத்தில் 155 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். உருகிய கந்தகம் நன்றாக இளகி ஓடுவது அந்தச் சூட்டில்தான். 160-ஐத் தாண்டினால் அதன் வளையங்கள் உடைந்து சங்கிலிகளாகிப் பாகுபோல் கெட்டிப்படும், துளைக்குள் இறங்காது. இந்தக் கலவையைப் பூசிய தகட்டை வெற்றிடத்தில் உலர்த்தும்போதும் 60 டிகிரிக்கு மேல் போக வேண்டாம், கந்தகம் ஆவியாகிவிடும்.

மின்பகுளிக்கு டையாக்சோலேனும் டைமெத்தாக்சிஈத்தேனும் சம அளவு, 1 மோலார் லித்தியம் டிஎஃப்எஸ்ஐ உப்பு, 1 முதல் 2 சதவீதம் லித்தியம் நைட்ரேட். லித்தியத்தின்மேல் காப்புப் படலம் போடுவது நைட்ரேட்தான். 1.6 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் கந்தகப் பக்கத்திலேயே அது சிதையும், ஆகவே 1.8-இல் நிறுத்துவது நல்லது. நிறுத்தினாலும் படலம் உடையும்போதெல்லாம் நைட்ரேட் செலவாகும். தீர்ந்த அன்று நாடா மறுபடி ஓடும்.

மற்ற மருந்து ஸ்பான், கந்தகத்தைப் பாலிமரில் பிணைப்பது: பாலிஅக்ரைலோநைட்ரைல் என்ற பாலிமரை அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு கந்தகத்துடன் ஆர்கானில் 300 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வாட்டுவது. வெளிவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சு வாயு. காரக் கரைசல் வழியாக விடாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. கந்தகம் கார்பனோடு வேதிப் பிணைப்பில் நிற்பதால் கார்பனேட் மின்பகுளியில் பாலிசல்ஃபைடு கரைவதில்லை. லித்தியம்-அயான் பேட்டரியின் வழக்கமான திரவமே போதும். கரி-கந்தகத்துக்கு அதே திரவத்தை ஊற்றினால் பாலிசல்ஃபைடு கரைப்பானையே தாக்கி, சில சுற்றுகளில் செல் செத்துவிடும்.

ஸ்பானுக்குள்ள குறை அதன் எடைதான். கந்தகம் சுமார் 40 சதவீதம்தான். சராசரி மின்னழுத்தமும் 2.1-க்குப் பதில் 1.8 வோல்ட். போதாக்குறைக்கு, கார்பனேட்டில் லித்தியம் உலோகம் ஊசி ஊசியாகப் படியும்.

அப்படியானால் கரிதான் இலேசா? திரவத்தைச் சேர்த்து எடை போடுங்கள். ஒரு கிராம் கந்தகம் 1100 மில்லிஆம்பியர்-மணி தந்தால் 2.3 வாட்-மணி. கந்தகம் ஒரு மில்லிகிராமுக்கு 10 மைக்ரோலிட்டர் ஊற்றினால் மின்பகுளியே ஏறக்குறைய 11 கிராம். லித்தியம், உறை சேர்க்கும் முன்பே கிலோவுக்கு 190 வாட்-மணிக்குள் அடங்கிவிடும். 3 மைக்ரோலிட்டரில் அதே கணக்கு 490-ஐத் தொடும். ஆனால் அவ்வளவு குறைந்த திரவத்தில் பாலிசல்ஃபைடு செறிந்து குழம்பாகும், லித்தியம் மீதித் திரவத்தையும் குடித்து செல்லை உலர்த்திவிடும்.

ஆயிரம் சுற்று என்று விளம்பரப்படும் காயின் செல்லைப் பார்த்தால், லித்தியத் தகட்டின் தடிமனைக் கேளுங்கள். அரை மில்லிமீட்டர் என்றால் சதுர செ.மீ.க்கு 100 மில்லிஆம்பியர்-மணி. எதிரே 2 மில்லிகிராம் கந்தகம் 2.2-தான் கேட்கிறது. நாற்பது மடங்குக்கு மேல் உபரி வைத்தால் எதுவும் நீடிக்கும்.

2010-ல் 14 நாள் பறந்த செஃபிர் சூரிய விமானத்தில் லித்தியம்-கந்தகம்தான் இருந்தது. எடையே உயிரான அப்படிப்பட்ட இடத்துக்குக் கரி, குறைந்த திரவம், சில நூறு சுற்றே ஆயுள் என்ற ஒப்பந்தம் சரி. தரையில் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியதற்கு ஸ்பானையே எடுப்பேன், லித்தியம் பக்கத்தைக் காக்க ஃபுளூரோஎத்திலீன் கார்பனேட் சேர்த்து.