சதுப்பா, குன்றா, கொல்லைப்புறமா: 185 கிலோஹெர்ட்ஸ் பீக்கனுக்கு எந்த மண்?

வி.எச்.எஃப் (மிகு உயர் அதிர்வெண்) ரிப்பீட்டர், அதாவது வந்த குறிகையை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம், வைத்துப் பழகிய கைக்கு ஒரே வழிதான் தெரியும்: மலை ஏறு. உயரப் போனால் தூரம் கேட்கும். அந்தப் பழக்கத்தோடு நீள்அலைக்கு வந்து பீக்கன் (தானாகவே அடையாளக் குறிகை அனுப்பிக்கொண்டிருக்கும் சிறு ஒலிபரப்பி) நட நினைக்கும் ஹாம்களும், அதாவது பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களும், முதலில் குன்றைத்தான் தேடுகிறார்கள். ஆனால் 185 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 1,620 மீட்டர். 600 மீட்டர்க் குன்று அதில் பாதிகூட வராது. இந்த அலை தரையைத் தடவிக்கொண்டே போகிறது. அது பார்ப்பது உயரத்தை அல்ல, மண்ணை.

இங்கே ஒப்பிடப்போவது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மூன்று இடங்களை. ஒன்று, கேப் காட் தீபகற்பத்தின் விரிகுடாப் பக்கம், பார்ன்ஸ்டபிள் ஊரை ஒட்டிய உவர்ச்சதுப்பின் ஓரம். இரண்டு, மாநிலத்தின் நடுவில் நிற்கும் வாசுசெட் குன்று, 611 மீட்டர். மூன்று, வூஸ்டர் நகரத்தில் ஏதோ ஒரு வீட்டுக் கொல்லை. அமெரிக்காவை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 160 முதல் 190 கிலோஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமலே யாரும் ஒலிபரப்பலாம் என்று அந்த நாட்டு விதிகளின் 15-ஆம் பகுதி சொல்கிறது. இப்படி ஒலிபரப்புகிறவர்களுக்கு அங்கே ‘லோஃபர்’ என்று பெயர். நம்மூரில் ஒருவரை அப்படிக் கூப்பிட்டால் கன்னம் பழுத்துவிடும். அங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

விதியின் வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இடத்தேர்வு முழுவதும் அதில்தான் தொங்குகிறது. ஒலிபரப்பியின் கடைசிக் கட்டத்துக்குள் போகும் மின்சாரம் 1 வாட்டைத் தாண்டக் கூடாது. ஆன்டெனா, அதற்குப் போகும் ஊட்டுக் கம்பி, எர்த் கம்பி மூன்றும் சேர்ந்து 15 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதாவது கட்டுப்பாடு உள்ளே போகும் சக்திக்குத்தான். வெளியே எவ்வளவு கிளம்புகிறது என்று யாரும் கேட்பதில்லை. நல்ல இடம் கிடைத்தால் அத்தனையும் ஆதாயம். மோசமான இடத்தில் மாட்டினால் அதைச் சரிக்கட்ட பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்க வழி கிடையாது.

லைசென்ஸ் உள்ள ஹாம்களுக்கு 2017-இல் திறந்துவிடப்பட்ட 472 - 479 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் கதை தலைகீழ். அங்கே வரம்பு, வெளியே கிளம்பும் திறனுக்கு: அமெரிக்காவின் பெரும்பகுதியில் 5 வாட் இ.ஐ.ஆர்.பி (எல்லாத் திசைக்கும் சமமாகப் பரப்பும் ஆன்டெனாவுக்கு நிகராகக் கணக்கிட்ட திறன்). மண் தின்றால் தின்னட்டும் என்று இன்னும் கொஞ்சம் சக்தியை உள்ளே தள்ளலாம், 500 வாட் வரை. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் எந்தப் பீக்கனை எங்கே நடுவது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

முதலில் குன்றைப் பார்த்து அனுப்பிவிடுவோம். நியூ இங்கிலாந்தின் பாறை மண்ணுக்கு மின்கடத்தல் குறைவு, மீட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிசீமன்ஸ்தான். வண்டல் படிந்த சமவெளிகளில் 15, 30 என்று வரும், கடல்நீரில் 5,000. வாசுசெட் உச்சியில் மண்ணும் மெலிது, சுற்றிலும் மரம். நீள்அலை ஆன்டெனாவுக்கு அருகில் பச்சை மரம் நிற்பது, பால் குண்டானுக்குப் பக்கத்தில் பூனை உட்கார்ந்திருப்பது மாதிரி. உச்சியில் தீ கண்காணிப்புக் கோபுரம் இருக்கிறதே, அதன் மேல் கட்டினால் என்ன என்று கேட்கலாம். எர்த் கம்பியும் 15 மீட்டர்க் கணக்கில் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். கோபுரத்தின் மேலிருந்து தரையைத் தொடுவதற்குள் கணக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அடுக்குமாடி மொட்டைமாடிக்கும் இதே கதிதான். வாசுசெட் மாநிலக் காப்பிடம் என்பதால் அனுமதிக்கு அலைவது தனி.

இந்தப் பாடத்தை அரசாங்கமும் கற்றது. கொலராடோவில் 1960-இல் போல்டரை அடுத்த மலைப் பள்ளத்தாக்கில் 20 கிலோஹெர்ட்ஸ் சோதனை நிலையம் ஒன்றை அமைத்தார்கள். அங்கிருந்து வெளியே கிளம்பியது 15 வாட் அளவுதான். பிறகு 1963-இல் ஃபோர்ட் காலின்ஸுக்கு வடக்கே சமவெளிக்கு இறங்கி வந்தார்கள். அந்த இடத்தைப் பிடித்ததற்கு முக்கியக் காரணம், காரம் ஏறிய மண், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் மண். கண்ணுக்கெதிரே ராக்கி மலை நிற்க, டபிள்யூ.டபிள்யூ.வி.பி என்னும் அந்த அரசு நிலையத்தின் 60 கிலோஹெர்ட்ஸ் நேரக் குறிகை இன்றும் அந்தக் களர்நிலத்திலிருந்துதான் புறப்படுகிறது. உழவன் வேண்டாம் என்று விட்ட நிலம் ரேடியோக்காரனுக்கு நன்செய்.

அப்படியானால் கடலோரம் என்றாலே வெற்றியா? இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். கேப் காட்டின் மேட்டுநிலம் பனியாறு கொட்டிவிட்டுப் போன மணலும் சரளையும். மழைநீர் நிற்காமல் வடிந்துவிடும் உலர்மணல், பாறையைவிட ரொம்ப ஒன்றும் மேலில்லை. கடலைப் பார்த்த மணல்மேட்டில் ஆன்டெனா நட்டால் படம் பிடிக்க அழகாயிருக்கும், ஓம் மீட்டர் உதட்டைப் பிதுக்கும். அதே தீபகற்பத்தில் தெற்கு வெல்ஃப்லீட்டின் மணல் முகட்டில்தான் மார்க்கோனி நிலையம் இருந்தது. முதலில் நட்ட 20 கம்பங்களின் வட்டம் 1901-இல் புயலில் சரிந்தது. மறுபடி 64 மீட்டரில் நான்கு கோபுரம் எழுப்பி, 1903 ஜனவரி 18 அன்று அதிபர் ரூசவெல்ட்டின் வாழ்த்தை மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு அனுப்பினார்கள். அவர்களிடம் கோபுரமும் இருந்தது, சக்தியும் இருந்தது. மணல் தின்றதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 1 வாட்டும் 15 மீட்டரும் வைத்திருப்பவர் அந்த முகட்டைப் பார்த்து மயங்கக் கூடாது. வேண்டியது விரிகுடாப் பக்கத்துச் சதுப்பு: உப்புநீரில் ஊறிய மக்கு மண், கம்பியைச் செருகினால் ஈரம் தட்டுகிற இடம்.

இனிக் கொஞ்சம் கணக்கு. தலையில் சிறு குடைக்கம்பிகளோடு 12 மீட்டர்க் கம்பம் என்று வைத்துக்கொள்வோம். 185 கிலோஹெர்ட்ஸில் அதன் கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாகக் கிளம்பும் சக்தியின் பங்கைக் காட்டும் தடை, ஏறக்குறைய 0.05 ஓம். இருபதில் ஒரு பங்கு ஓம்! மீதி எல்லாம் இழப்பு. குட்டைக் கம்பத்தை ஒத்ததிர்வுக்குக் கொண்டுவரும் லோடிங் காயில் தன் பங்குக்கு 18 ஓம் தின்னும் என்று கொள்வோம். பாறைக் குன்றில் மண் ஒரு 80 ஓம். மொத்தம் 98. ஆன்டெனாவுக்குப் போகிற 0.9 வாட்டில் காற்றுக்குக் கிளம்புவது அரை மில்லிவாட்டுக்கும் குறைவு. சதுப்பில் மண் இழப்பு 10 ஓமுக்கு இறங்கினால் மொத்தம் 28, கிளம்புவது 1.6 மில்லிவாட். வித்தியாசம் 5 டெசிபல் சொச்சம், அதாவது சக்தியில் மூன்றரை மடங்கு. ஓம் எண்கள் என் ஊகம்தான். நேரில் அளந்தால் மாறும். ஆனால் எந்தப் பக்கம் சாயும் என்பது மாறாது. இன்னொன்றும் பார்க்கலாம்: சதுப்புக்குப் போனதும் பெரிய திருடன் மண் அல்ல, காயில். அதற்குமேல் இடம் தேடி அலைவதை விட்டு லிட்ஸ் கம்பியில் (மெல்லிய இழைகள் பல சேர்த்துத் திரித்த கம்பி) நல்ல காயில் சுற்றுவதுதான் புத்தி.

5 டெசிபலுக்காகவா இத்தனை பாடு என்றால், இல்லை. கம்பத்தடி மண்ணைவிட, கம்பத்துக்கும் கேட்பவருக்கும் நடுவில் கிடக்கும் மண் முக்கியம். மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் ஒருவர் பகலில் கேட்கிறார் என்று வையுங்கள். வாசுசெட், வூஸ்டர், பார்ன்ஸ்டபிள் மூன்றிலிருந்தும் அவருக்குத் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், 200 கிலோமீட்டரை ஒட்டி. குன்றிலிருந்தும் வூஸ்டரிலிருந்தும் பெரும்பாலும் பாறைநிலத்தின் மேல் பயணம்; தரையலைக்கான வழக்கமான சூத்திரத்தில் போட்டால் கடல்வழியைவிட 8 முதல் 14 டெசிபல் கூடுதல் இழப்பு. பார்ன்ஸ்டபிளிலிருந்து வடக்கே விரிகுடா, அப்புறம் மெய்ன் வளைகுடா, வழி நெடுக உப்புத் தண்ணீர். இரண்டு ஆதாயத்தையும் கூட்டினால், அதே 1 வாட் 20 முதல் 80 மடங்கு சக்தி கூடியதுபோலக் கேட்கும். நோவா ஸ்கோஷியாவின் யார்மத்துக்கும், இடையில் ஒரு கீற்று மணலைத் தவிர, 400 கிலோமீட்டருக்கு மேல் கடல்தான்.

ஆனால் அந்தக் கடலுக்கு அப்பால் யார் காது கொடுக்கிறார்கள்? பீக்கன் பயன்படுவது கேட்பவர் இருக்கிற திசையில்தான். உங்கள் கேட்பவர்கள் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் இருந்தால், சதுப்பிலிருந்து கிளம்பும் அலை 300 கிலோமீட்டரைப் பெரும்பாலும் நிலத்தின் மேலேயே கடக்க வேண்டும். வூஸ்டரிலிருந்து 165 கிலோமீட்டர்தான். அங்கே கொல்லைப்புறம் சதுப்பை வென்றாலும் வெல்லும். ஆகவே வரைபடத்தில் முதலில் குத்த வேண்டிய ஊசி பீக்கனுக்கு அல்ல, கேட்பவர்களுக்கு.

கொல்லைக்கு ஆதரவாக இன்னும் இரண்டு வார்த்தை. நகரத்து இரைச்சல், எல்.இ.டி விளக்கு, சார்ஜர், சோலார் இன்வர்ட்டர் எல்லாம் கேட்பவரைத்தான் கொல்லும். பீக்கனுக்குக் காது கிடையாது, வாய் மட்டும்தான். இரைச்சலான ஊரில் வைத்தாலும் அதற்கு ஒன்றுமில்லை. வரவேற்புக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிய கொல்லை ஒலிபரப்புக்கு உதவும். மரமும் பக்கத்துக் கட்டடமும்தான் பகை. தவிர, நினைத்த நேரத்தில் போய்த் தொட்டுப் பார்க்கலாம் என்பதன் அருமை, டிசம்பர் குளிரில் 150 கிலோமீட்டர் ஓட்டிப் போய் காயிலைத் திருப்பியவருக்குத்தான் தெரியும்.

சதுப்பின் தொல்லைகளையும் மறைக்கக் கூடாது. இழப்பு குறையக் குறைய ஆன்டெனா கூர்மையாகும். மேலே சொன்ன 28 ஓமில் அதன் பட்டை அகலம் 700 ஹெர்ட்ஸ் சொச்சம். கேப் காட் விரிகுடாவில் ஓதம் ஏறக்குறைய 3 மீட்டர் ஏறி இறங்கும். கம்பத்தின் அடிவரை தண்ணீர் வந்து போகும்போது கொள்திறன் ஒரு சதவீதம் அசைந்தாலே சுருதி 900 ஹெர்ட்ஸ் விலகிவிடும். பீக்கன் ஒரு பக்கம், ஆன்டெனா ஒரு பக்கம். தானாகச் சரிசெய்யும் வேரியோமீட்டர் (சுருதியை மாற்றத் திருப்பும் காயில்) இல்லாமல் அங்கே விட்டுவிட்டு வர முடியாது. குன்றின் 98 ஓம் ஆன்டெனா இரண்டரை கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் சோம்பலாகக் கிடக்கும், பனி பெய்தாலும் காற்றடித்தாலும் அசையாது. மோசமான இடம் சொன்னபடி கேட்கிறது, நல்ல இடம் முரண்டு பிடிக்கிறது. கம்பத்தின் அடியில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும். உப்புக்காற்று இன்சுலேட்டரில் படலமாகப் படிந்தால் கிடைத்த ஆதாயமெல்லாம் அந்தப் படலத்தின் வழியே ஒழுகிவிடும். சட்டமும் இருக்கிறது. மாசசூசெட்ஸில் உவர்ச்சதுப்பு பாதுகாக்கப்பட்ட நிலம். உள்ளே இறங்கித் தோண்ட முடியாது. ஓரத்து வீட்டுக்காரர் ஒருவரின் மனைக்குள், ஈரம் தொடங்கும் கோட்டில், ஊர்க் காப்பு ஆணையத்திடம் கேட்டுவிட்டுத்தான் நட வேண்டும். மின்சாரம் மட்டும் கவலையில்லை. எல்லாம் சேர்ந்து இரண்டு வாட்டுக்கு ஒரு சிறு சோலார் தகடும் 12 வோல்ட் பேட்டரியும் போதும்.

472 கிலோஹெர்ட்ஸ் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், கொல்லைதான். 12 மீட்டர்க் கம்பமும் மேலே கிடைக்கம்பிகளும் இருந்தால் கதிர்வீச்சுத் தடை 0.4 ஓம் வரும். மொத்த இழப்பு 40 ஓமாக இருந்தாலும் சுமார் 170 வாட்டில் 5 வாட் இ.ஐ.ஆர்.பி-யைத் தொட்டுவிடலாம். 20 ஓமுக்கு இறக்கினால் அந்த 170-இல் பாதி போதும். சதுப்புக்குப் போனால் மின்கட்டணம் குறையும். ஆனால் வழியில் கடல் இல்லாதவருக்கு அலையின் வலு ஒரு துளியும் கூடிவிடாது. இன்னொரு காரணமும் உண்டு: அமெரிக்க ஹாம் விதிகளில் ஆளில்லாமல் தானே இயங்கும் பீக்கனுக்கு 28 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் அனுமதி. அதற்குக் கீழே கட்டுப்படுத்தும் ஆள் ஒருவர் பொறுப்பில் இருந்தாக வேண்டும். வீட்டுக் கொல்லைக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் முன்கூட்டியே மின் நிறுவனங்கள் போன்றவற்றின் அமைப்பான யூட்டிலிட்டீஸ் டெக்னாலஜி கவுன்சிலுக்கு அறிவித்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அதே அலைவரிசையில் சமிக்ஞை அனுப்பும் உயர் அழுத்த மின்தொடர் ஒரு கிலோமீட்டருக்குள் போனால் அந்தக் கொல்லை அத்தோடு போயிற்று. வீட்டு வாசலில் போகும் விநியோகக் கம்பிகளுக்கு இந்தக் கணக்கு இல்லை.

185-க்கு என் ஓட்டு சதுப்பின் ஓரத்துக்கு, கேட்பவர்கள் கரையோரமாக இருக்கும் பட்சத்தில். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாள் செலவு செய்யலாம்: ஹீலியம் பலூனிலோ மீன்தூண்டில் கம்பத்திலோ ஒரே நீளக் கம்பியைத் தூக்கி, அதே காயிலையும் அதே நான்கு எர்த் கம்பிகளையும் வைத்து, கொல்லையிலும் சதுப்போரத்திலும் ஒத்ததிர்வில் மொத்தத் தடையை அளந்துவிடுங்கள். சதுப்பில் ஓதம் ஏறிய போது ஒன்று, வடிந்த போது ஒன்று. வித்தியாசம் 15 ஓமுக்குள் நின்று, கேட்பவர்களும் உள்நாட்டில் இருந்தால், நான் பெட்ரோலை மிச்சம் பிடித்துக்கொண்டு கொல்லையிலேயே குழி தோண்டுவேன்.