புத்தகமா, வரைபடமா, போனா? இங்கிலாந்துக் கிராமத்து நடைக்கு எதை நம்பலாம்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் நடக்கக் கிளம்புகிறவர்கள் கையில் மூன்றில் ஒன்று இருக்கும்: வழிகாட்டிப் புத்தகம், ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனம்) வரைபடம், இல்லாவிட்டால் போன். மூன்றையும் வைத்து நடந்து பார்த்ததில் என் ஓட்டு வரைபடத்துக்குத்தான். அதற்காகப் புத்தகம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

எங்கே நடப்பது என்று முடிவு செய்ய புத்தகத்தை மிஞ்ச ஆளில்லை. வழிகாட்டி எழுத்தாளர் ஆல்ஃபிரட் வெய்ன்ரைட் 1955 முதல் 1966 வரை வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியின் 214 குன்றுகளைப் பற்றி ஏழு தொகுதிகள் எழுதினார். படங்கள் மட்டுமல்ல, எழுத்தும் அவர் கையாலேயே எழுதியது. எந்தப் பக்கம் ஏறினால் காட்சி நன்றாக இருக்கும், எந்த இடத்தில் கால் சேற்றில் புதையும் என்பதெல்லாம் நடந்து பார்த்தவர் சொல்லித்தான் தெரியும். 1973-ல் அவர் செயின்ட் பீஸிலிருந்து ராபின் ஹுட்ஸ் பே வரை, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு, சுமார் 190 மைல் வழி ஒன்றை எழுதினார். அரசாங்கம் போட்ட பாதை அல்ல. புத்தகமே உண்டாக்கிய பாதை.

ஆனால் வழியில் இறங்கியதும் புத்தகத்தின் பலவீனம் தெரிய ஆரம்பிக்கும். அதன் வாக்கியங்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. ‘கற்சுவரை வலப்புறம் வைத்துக்கொண்டு இறங்கவும், இரண்டாவது கேட்டைத் தாண்டியதும் இடதுபுறம் திரும்பவும்’ என்றிருக்கும். நீங்கள் நிற்பது இரண்டாவது கேட்டா, மூன்றாவதா? போன வருஷம் விவசாயி புதிதாக ஒரு கேட் வைத்திருந்தால் கணக்கு அங்கேயே தப்பிவிடும். அதற்குப் பிறகு வருகிற அத்தனை வரியும் சரியாகவே இருந்தாலும் உங்களுக்குப் பயனில்லை. எதிர்த்திசையில் நடந்தால் இன்னும் மோசம். இடதை வலதாக மாற்றிப் படித்துவிடலாம், ‘கேட்டைத் தாண்டியதும்’ என்பதை எப்படி மாற்றுவது?

கேட் மட்டுமா மாறுகிறது? 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் வெள்ளம் பூலி பிரிட்ஜ் ஊரின் பழைய கல்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. 2020-ல் திறந்த புதுப்பாலம் எஃகில் கட்டியது. ‘கல்பாலத்தைக் கடக்கவும்’ என்று எழுதிய புத்தகங்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிட்டன. கடற்கரையிலிருந்து கடற்கரைக்குப் போகும் வெய்ன்ரைட்டின் வழியிலேயே நைன் ஸ்டாண்டர்ட்ஸ் ரிக் என்ற குன்றின் பக்கம் இத்தனை கால்கள் மிதித்துச் சதுப்பு நிலம் குழம்பியதால், சிவப்பு, நீலம், பச்சை என்று பருவத்துக்கு ஒரு வழியாகப் பிரித்துவிட்டார்கள்.

வரைபடத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. ஒரு இடம் தப்பினாலும் அடுத்த ஓடையோ தேவாலயமோ தெரிந்தால் போதும், மறுபடி பிடித்துக்கொள்ளலாம். ஆனால் சரியான தாளை வாங்க வேண்டும். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை போட்ட எக்ஸ்ப்ளோரர் வரிசை 1:25,000 அளவுடையது, அதாவது தாளில் ஒரு செ.மீ. தரையில் 250 மீட்டர். வயல்களின் சுவரும் வேலியும் அதில் இருக்கும். இளஞ்சிவப்பு அட்டை லேண்ட்ரேஞ்சர் 1:50,000, அதில் அவை கிடையாது. வயல் வயலாகத் தாண்டும் நடைக்கு அதை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எக்ஸ்ப்ளோரரில் விட்டு விட்டுப் போகும் பச்சைக் கோடுகள் நடக்கும் உரிமையைக் காட்டுகின்றன: குட்டைக் கோடு என்றால் நடைபாதை, நீளக் கோடு என்றால் குதிரையும் போகலாம். கறுப்புக் கோடுதான் தரையில் கண்ணுக்குத் தெரியும் தடம். இரண்டும் எப்போதும் ஒன்றாக ஓடுவதில்லை. ‘வயலின் நடுவே தடத்தைத் தொடரவும்’ என்று புத்தகம் சொல்லும். போய்ப் பார்த்தால் உழுது போட்ட மண்தான் இருக்கும். பச்சைக் கோடு இருந்தால் தயங்க வேண்டாம், திசை பார்த்து நேராகப் போகலாம். விதைப்புக்காக உழுதால் 14 நாளுக்குள், குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு, நடைபாதையை மறுபடி அமைத்துத் தர வேண்டும் என்பது சட்டம்.

போன்? ‘நான் இப்போது எங்கே நிற்கிறேன்’ என்ற ஒரே கேள்விக்கு அதைப் போல் எதுவும் பதில் சொல்லாது. சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்; ஆனால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். மழையில் திரை விரலுக்கு மசியாது, குளிரில் சார்ஜ் கடகடவென்று இறங்கும். கார் ஓட்டுகிறவர்களுக்கான மேப்பை மலைக்கு எடுத்துப் போவது வேறு விஷயம்: ஸ்காட்லாந்தின் பென் நெவிஸுக்கு கூகுள் மேப்ஸ் காட்டிய வழி உயிருக்கே ஆபத்தானது என்று 2021-ல் மலையேற்ற அமைப்புகள் எச்சரித்தன.

என் வழக்கம் இதுதான். முந்தின நாள் ராத்திரி புத்தகத்தைப் படித்து, வழியை எக்ஸ்ப்ளோரரில் பென்சிலால் வரைந்துவிடுவேன். நடக்கும்போது கையில் தாள், பையில் அணைத்து வைத்த போன். புத்தகம் சாப்பிட உட்காரும்போது வெளியே வரும். அப்புறம், பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் பதிப்பு ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். மாறிய வழிகளைத் தங்கள் தளத்தில் திருத்தமாகப் போடும் பதிப்பகங்களும் உண்டு. கிளம்புமுன் அதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம்.