குன்னூர் மேட்டுக்கு ஹப் மோட்டார் மாற்றியது: ஒரு வருடத்துக்குப் பிறகு

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டு பக்கம் ஏறும் சாலையைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மார்க்கெட் பையோடு நானும் என் எலக்ட்ரிக் சைக்கிளும் சேர்ந்தால் 110 கிலோ. பத்து சதவீத ஏற்றத்தில் 12 கி.மீ. வேகம் பிடிக்கச் சக்கரத்தில் கிட்டத்தட்ட 360 வாட் வேண்டும். பின்சக்கரத்தின் நடுவிலேயே (ஹப்) இருந்த பழைய 36 வோல்ட் மோட்டார் சமதளத்தில் ஜோராக 25-ல் ஓடும். மேட்டில் 7-க்கு இறங்கியதும் உறுமும், கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும்.

கடையில் கேட்டால் எல்லோரும் வாட்டைத்தான் ஏற்றச் சொல்கிறார்கள்: 48 வோல்ட், 750 வாட், புது பேட்டரி. எனக்கு ஒப்பவில்லை. 250 வாட்டுக்கோ 25 கி.மீ. வேகத்துக்கோ மேலே போனால் பதிவு, லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வந்துவிடும். அதைவிட முக்கியம், கோளாறு வாட்டில் இல்லை. வேகமாகச் சுழல்வதற்கென்று காயில் சுற்றப்பட்ட மோட்டாரை மெதுவாகச் சுழலவிட்டால் பேட்டரி தரும் சக்தியில் பாதிக்கு மேல் சூடாகத்தான் போகும். கரன்ட் இரண்டு மடங்கானால் காயிலில் சூடு நான்கு மடங்கு.

அதனால் 250 வாட்டிலேயே, கொஞ்சம் பெரிய, உள்ளே பல்சக்கரம் உள்ள, மெதுவாகச் சுழல்வதற்கென்று காயில் சுற்றிய (ஸ்லோ வைண்டிங்) மோட்டார் போட்டேன். மோட்டாருக்குக் கரன்ட்டை அளந்து விடும் கன்ட்ரோலர், பேட்டரி இரண்டும் பழையவையே. இப்போது சமதளத்தில் 20-ஐத் தாண்டாது. ஊட்டி ரோட்டில் பையன்கள் முந்திப் போவார்கள், போகட்டும். அதே மேட்டில் லேசாக மிதித்தாலே 11, 12-ல் ஏறுகிறது, ஹப் வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது. ஒரே சார்ஜில் ஓடும் தூரமும் கூடியிருக்கிறது.

குறைகளும் உண்டு. பின்சக்கரம் கனம் கூடிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் ஒயரைப் பார்த்ததுமே "சார், நீங்களே கழட்டிக் குடுத்துடுங்க" என்பார். 18 ஸ்பேனர் எப்போதும் பையில். சக்கரம் மோட்டாரைத் திருப்பிச் சுற்றாத ஃப்ரீவீல் உள்ள மோட்டார் என்பதால் இறக்கத்தில் ரீஜென் (மோட்டாரே பிரேக் போல இழுத்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) கிடையாது, பிரேக் பேடு சீக்கிரம் தேய்கிறது. நம்மூர் மழையில் ஆக்ஸில் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். ஒயரைக் கீழே ஒரு வளைவு விட்டுக் கட்டினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஆக்ஸில் உருளாமல் ஃப்ரேமோடு பிடித்து வைக்கும் இரும்புக் கை, அதாவது டார்க் ஆர்ம், இல்லாமல் இந்த மோட்டாரை ஓட்டாதீர்கள். ஃப்ரேம் அலுமினியம் என்றால் இரண்டு பக்கமும் போடுங்கள். ஆக்ஸில் உருண்டால் அது உட்காரும் ஃப்ரேம் பள்ளம் (டிராப்அவுட்) கிழியும், ஒயரும் முறுக்கி அறுந்துபோகும். நட்டை மாதம் ஒருமுறை முறுக்கிப் பார்க்கிறேன்.

15 சதவீதத்துக்கு மேல் நீளமான ஏற்றம் தினமும் ஏற வேண்டியவர்கள் ஹப்பை விட்டுவிட்டு, பெடல் அச்சில் பொருத்தும் மிட் டிரைவ் மோட்டார் பார்க்கலாம். சைக்கிளின் கியரையே மோட்டாரும் பயன்படுத்திக்கொள்ளும். விலை கூடுதல், செயின் சீக்கிரம் தேயும். என் வீட்டு மேட்டுக்கு அது தேவைப்படவில்லை.