கழுத்திலா, நெஞ்சிலா? உணவுக்குழாயை எடுத்தபின் பொருத்துப் போடும் இடம்

புற்றுநோய்க்காக உணவுக்குழாயை எடுத்தால், இரைப்பையைக் குழாய்போல் ஒடுக்கி மேலே இழுத்து, மிஞ்சியிருக்கும் துண்டோடு பொருத்தவேண்டும். அந்தப் பொருத்தைக் கழுத்தில் போடுவதா, நெஞ்சுக்குள் போடுவதா? நான் கழுத்தின் பக்கம். பொருத்து கசிந்தால் அடுத்த மூன்று கிழமை எப்படிப் போகும் என்பதை வைத்துத்தான் சொல்கிறேன். மற்றக் காரணங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

விவாதம் வழுக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடவேண்டும். நெஞ்சைத் திறப்பது ஒரு முடிவு, பொருத்தை நெஞ்சில் வைப்பது இன்னொரு முடிவு. 1946இல் ஐவர் லூயிஸ் விவரித்த முறையில் வயிறும் வலது நெஞ்சும் திறக்கப்படும், பொருத்து நெஞ்சுக்குள் இருக்கும். 1976இல் மக்கியோன் நெஞ்சைத் திறந்தார், ஆனால் பொருத்தைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். மிச்சிகன் பல்கலைக்கழகத்து மார்க் ஓரிங்கர் 1978இல் வெளியிட்ட வழியில் நெஞ்சைத் திறப்பதே இல்லை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் துளைக்கூடாகக் கீழிருந்து கையை விட்டு உணவுக்குழாயைப் பிரித்தெடுத்து, இடப்பக்கக் கழுத்தில் பொருத்துவார்.

2002இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 220 பேர். நெஞ்சைத் திறக்காதவர்களில் 27 வீதத்துக்கும் திறந்தவர்களில் 57 வீதத்துக்கும் சுவாசப்பைச் சிக்கல் வந்தது. 2007இல் வந்த அதன் தொடர்கணக்கில் ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் முறையே 34, 36 வீதம், பெரிய வித்தியாசம் இல்லை. இதைக் காட்டி ‘கழுத்துப் பொருத்து நல்லது’ என்று யாராவது சொன்னால் நிறுத்துங்கள். அந்த ஆய்வில் இரண்டு பக்கத்தாருக்கும் பொருத்து கழுத்தில்தான் போடப்பட்டது. அது நெஞ்சைத் திறப்பதைப் பற்றிய ஆய்வு. அதோடு அதில் இருந்தவர்களுக்குச் சுரப்பிக் கலங்களிலிருந்து வரும் சுரப்பிக்கலப் புற்றுநோய். இங்கே இலங்கையில் வெற்றிலை, புகையிலை, சாராயம் என்று பழகி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு, உள்வரித் தட்டைக் கலங்களில் வரும் செதிட்கலப் புற்றுநோய். எண்களை அப்படியே கொழும்புக்குப் பெயர்த்து வைக்க முடியாது.

இனிக் கசிவு. கழுத்துப் பொருத்து கசிகிறதென்றால் பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்குப் பிறகு தெரியவரும். காயத்தைச் சுற்றிச் சிவப்பு, சூடு, அமுக்கினால் நறநறவென்ற உணர்வு, பிறகு எச்சில் நாற்றம். அதற்கு முன்னரே நாடித்துடிப்பு நூறைத் தாண்டும், அல்லது இதயம் தாளம் தப்பி அடிக்கத் தொடங்கும். இதயத்துக்கு மருந்து கொடுப்பதோடு நிற்காமல் கழுத்தையும் பார்க்கவேண்டும். செய்யவேண்டியது வாட்டிலேயே ஆகிற வேலை: தையலை வெட்டிக் காயத்தை முழு நீளத்துக்கும் திறந்து, உள்ளே இருப்பதை வடியவிட்டு, சேலைனில் நனைத்த துணியை வைத்து, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தரம் மாற்றுவது. துணியை எடுத்த நேரத்தில் நோயாளி கொஞ்சம் தண்ணீர் குடித்தால் அது காயத்தாலேயே வெளியே வந்து உள்ளிருந்து கழுவிவிடும். சாப்பாடு சிறுகுடலில் வைத்த குழாயால் போகும். இதற்காகவே அந்தக் குழாயை முதல் நாளே வைத்துவிடவேண்டும், பிறகு பார்க்கலாம் என்று விடக்கூடாது. இவ்வளவுக்கும் தேவைப்படுவது துணி, சேலைன், கைக்குப் பழகிய ஒரு தாதி.

நெஞ்சுக்குள் கசிந்தால் எச்சிலும் இரைப்பைச் சாறும் இதயத்தின் பின்புறத்துக்கும் சுவாசப்பை உறைக்கும் போகும். சிடி எடுக்கவேண்டும், எண்டோஸ்கோபி செய்யவேண்டும், நெஞ்சுக் குழாய் போடவேண்டும். ஓட்டையை மூட உறையிட்ட ஸ்டென்ட் எனும் வலைக்குழாயை வைப்பார்கள். அல்லது பஞ்சை உள்ளே வைத்து உறிஞ்சுபொறியில் இணைப்பார்கள், அந்தப் பஞ்சை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு எண்டோஸ்கோபி, ஒரு மயக்கமருந்து. அதிதீவிர சிகிச்சைக் கட்டில் ஒன்று கிழமைக்கணக்கில் பிடிபடும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு மணிக்கு இவ்வளவையும் ஒரே இடத்தில் திரட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

எதிர்ப்பக்கத்தின் பலமான ஆதாரத்தையும் சொல்லவேண்டும். 2021இல் வந்த இன்னொரு நெதர்லாந்து ஆய்வு நேரடியாகப் பொருத்தின் இடத்தையே ஒப்பிட்டது. எல்லாமே துளைவழிச் சத்திரசிகிச்சைகள், அதாவது பெரிதாகத் திறக்காமல் சிறு துளைகள் வழியே செய்பவை. மறுபடி தலையிடவேண்டிய அளவு கசிவு நெஞ்சுப் பொருத்தில் 12.3 வீதம், கழுத்தில் 31.7 வீதம். குரல் நரம்புப் பாதிப்பு நெஞ்சில் யாருக்கும் இல்லை, கழுத்தில் 7.3 வீதம். இதை மறுக்கமுடியாது. கழுத்துவரை இழுபடும் இரைப்பை நுனிக்கு இரத்தம் குறைவு, அங்கே கசிவு கூடும். ‘காயத்தைத் திறப்பதையும் தலையிடுதலாக எண்ணியிருப்பார்கள்’ என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் பாரதூரமான சிக்கல்களும் கழுத்துப் பக்கமே கூடுதலாக இருந்தன.

அப்படியிருந்தும் ஏன் கழுத்து? நெஞ்சுக்குள் துளைவழியாகப் பொருத்துவது கைக்குப் படிய நாள் எடுக்கும். ஐரோப்பாவின் நான்கு தேர்ந்த நிலையங்களின் கணக்கை 2019இல் வெளியிட்டார்கள்: சராசரியாக 119 சத்திரசிகிச்சைக்குப் பிறகுதான் திறமை நிலைத்தது. அதற்குள் கசிவு 18.8 வீதத்திலிருந்து 4.5க்கு இறங்கியது. வருடத்துக்கு ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் எண்ணிக்கை செய்கிற குழு அந்த 119ஐ எப்போது எட்டும்?

கழுத்துப் பொருத்தின் கசிவைக் குறைக்க ஓரிங்கர் குழு 2000இல் வெளியிட்ட வழி இருக்கிறது. கையால் சுற்றித் தைக்காமல், உணவுக்குழாயை இரைப்பையின் முன்சுவரில் பக்கவாட்டாகப் படியவைத்து, 3 சென்ரிமீற்றர் நேர்கோட்டு ஸ்டேப்ளரால் இரண்டையும் ஒன்றாக்கி, முன்பக்கத்தை மட்டும் தைப்பது. அவர்கள் சொன்ன முதல் 114 பேரில் கசிவு 2.7 வீதம். 2007இல் வெளியிட்ட இரண்டாயிரம் பேரின் தொகுப்பில் பிற்காலக் கணக்கு 9 வீதம். 2.7ஐ மட்டும் சொல்லி ஆசைகாட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். குரல் நரம்புக்கு ஓரிங்கர் வைத்த விதி எளிது: மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடைப்பட்ட பள்ளத்தில் உலோக விரிப்பான் படவே கூடாது, விரல் மட்டும்.

அடுத்தது ஒடுக்கம். கசிந்து ஆறிய பொருத்து சுருங்கும். தண்ணீர் குடித்துத் தள்ளினால்தான் சோறு இறங்குகிறது என்ற நிலை வந்தாலே கிளினிக்குக்கு வரவேண்டும், கஞ்சிக்கு மாறிச் சமாளிக்கக்கூடாது. சுருங்கிய இடத்தை விரிக்க உள்ளே விடும் கோலுக்கு 46 பிரெஞ்ச் அளவு, அதாவது 15 மில்லிமீற்றருக்குச் சற்று மேல், இலக்கு. ஆனால் இறுக்கம் தட்டுப்பட்ட பிறகு ஒரே அமர்வில் மூன்று அளவுக்கு மேல் ஏறினால் கிழியும் ஆபத்து இருக்கிறது. கழுத்துப் பொருத்துக்கு இந்த விரிப்பு அடிக்கடி தேவைப்படலாம், அது அதன் பராமரிப்புச் செலவு. சிறுசிறு சாப்பாடு, தலைமாட்டை உயர்த்திப் படுப்பது, சாப்பிட்ட கையோடு சீனி போட்ட பிளேன்ரீயைத் தவிர்ப்பது எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொது.

கட்டி நடு நெஞ்சில், மூச்சுக்குழாய் பிரியும் இடத்தை ஒட்டி இருந்தால் கையை விட்டுக் கண்மூடித்தனமாகப் பிரிக்கும் ஓரிங்கர் வழி வேண்டாம். நெஞ்சின் வலப்பக்கத்தில் ஓடும் அசைகொஸ் நாளமோ மூச்சுக்குழாயின் பின்சுவரோ கிழியலாம். முன்கூட்டிக் கதிர் கொடுத்திருந்தால் ஒட்டுதல் இன்னும் இறுகும். அங்கே மக்கியோன் முறைதான்: வலது நெஞ்சைக் கண்ணால் பார்த்துப் பிரித்து, பொருத்தைக் கழுத்தில் போடுவது. கழுத்துக் கசிவு எப்போதும் கழுத்தோடு நிற்கும் என்றும் நம்பக்கூடாது. பொருத்து நெஞ்சு வாசலுக்குக் கீழே இறங்கியிருந்தால் சீழ் உள்ளே போகும். காயத்தைத் திறந்தபின்னும் காய்ச்சல் விடாவிட்டால் சிடி எடுக்கவேண்டும், வடிவது கறுத்து நாறினால் இரைப்பை நுனி அழுகிவிட்டது, நோயாளியை உடனே தியேட்டருக்குக் கொண்டுபோகவேண்டும்.

தைரொயிட் சத்திரசிகிச்சையிலோ புற்றுநோயாலோ வலது குரல்நாண் ஏற்கெனவே செயலிழந்தவருக்கு மட்டும் நான் நெஞ்சுப் பொருத்தையே கேட்பேன். இடப்பக்க நரம்பும் போனால் அவர் மூச்சுக்கு நிரந்தரத் துளையோடுதான் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும். அதனால் தியேட்டருக்குப் போகுமுன் குரல்நாண் இரண்டையும் காது மூக்குத் தொண்டைக் கிளினிக்கில் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள்.